பையன் முகம் பளிச், கோபுரம் மங்கல்: லென்ஸ் பழுதா?

கடிதத்தின் சுருக்கம் இது. எழுதியவருக்கு வயது 34. டெல்டா பக்கம் ஒரு சிறிய ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் எல்லாம் எடுப்பவர். ஒன்றரை வருடம் முன்பு ஒருவர் பயன்படுத்திய ஃபேன்டம் 4 ப்ரோ ட்ரோனை 70,000 ரூபாய்க்கு வாங்கினார். பக்கத்துக் கிராமத்தில் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு நடந்த கும்பாபிஷேகத்தை 45,000 ரூபாய்க்குப் பேசி எடுத்திருக்கிறார். அதில் ட்ரோனுக்கு மட்டும் 12,000 என்று கொட்டேஷனிலேயே தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். கீழே இருந்து எடுத்த இரண்டு கேமரா வீடியோவிலும் குறை இல்லை. ஆனால் கலசத்தில் புனித நீர் ஊற்றும் அந்தச் சில நிமிடம், மேலிருந்து எடுத்தது, பனி படிந்த கண்ணாடி வழியாகப் பார்த்ததுபோல மங்கலாக வந்துவிட்டது. திருப்பணிக் குழு பாக்கி 20,000 ரூபாயைத் தர மறுக்கிறது. அட்வான்ஸையும் திருப்பிக் கேட்கிறது. சர்வீஸ் கடையில் ட்ரோனைத் திறந்துகூடப் பார்க்காமல் "கேமராவையே மாற்றணும், 24,000 ஆகும்" என்றார்களாம். மனைவியின் நகையை அடகு வைத்துப் புது ட்ரோன் வாங்கிவிடலாமா என்று கேட்கிறார். "எஃப்/11 வைத்திருந்தால் எல்லாம் ஷார்ப்பாக வந்திருக்கும்" என்று நண்பர் சொன்னது சரியா என்றும் கேட்கிறார். (எஃப் எண் கூடினால் லென்ஸின் துளை சிறியதாகும்.)

அன்புள்ள நண்பருக்கு,

நகையை அடகு வைக்க வேண்டாம். சர்வீஸ் கடைக்கும் இப்போது பணம் கொடுக்க வேண்டாம். பதினைந்து வருடமாகக் கேமரா பிடிப்பவன், அதில் எட்டு வருடம் ட்ரோனில் எடுப்பவன், இப்போது அதைச் சொல்லிக் கொடுப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உங்கள் லென்ஸ் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கான ஆதாரம் உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் எழுதிய இரண்டு வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்று: "பறக்கவிடுவதற்கு முன்னால் எதிரே நின்ற உதவியாளர் பையனைத் திரையில் தொட்டு கேமரா சரியா என்று பார்த்தேன். அவன் முகம் பளிச்சென்று இருக்கிறது, மேலே போனதும் கோபுரம் மட்டும் மங்கல்." இன்னொன்று, கடைசியில் போகிற போக்கில் எழுதியது: "முந்தின நாள் சாயங்காலம் யாகசாலை ஊர்வலத்தை இதே ட்ரோனில் எடுத்தது நன்றாகவே இருக்கிறது."

பழுதான லென்ஸ் ஒரு நாள் மாலை நன்றாக வேலை செய்து, மறுநாள் காலை பையன் முகத்தையும் கூர்மையாகக் காட்டிவிட்டு, கோபுரத்தை மட்டும் மங்கலாக்காது. நடந்தது இதுதான். ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்ற பையன்மேல் ஃபோகஸ் வைத்தீர்கள். லென்ஸ் அங்கேயே நின்றுவிட்டது. ட்ரோன் மேலே போனது, ஃபோகஸ் கீழேயே இருந்தது.

"ஆட்டோ ஃபோகஸ் போட்டிருந்தேனே" என்று கேட்பீர்கள். நம் தொழிலில் நிறையப் பேர் நம்பும் தவறு இது. உங்கள் ட்ரோனில் சாதாரண ஆட்டோ ஃபோகஸ் என்பது, நீங்கள் சொல்லும்போது ஒருமுறை பார்த்து நிற்கும் வேலைதான். திரையைத் தொட்டால் தேடும், கிடைத்ததும் நிற்கும். அதற்குப் பிறகு நூறு அடி ஏறினாலும் தானாக மறுபடி தேடாது. வீடியோ பட்டனை அழுத்துவதும் ஃபோகஸை மாற்றாது. விடாமல் தேடிக்கொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸ் சில மாடல்களில் உண்டு. அதையும் கும்பாபிஷேகத்துக்கு நான் நம்பமாட்டேன். இந்த கேமராக்கள் பொதுவாகக் கோடுகளையும் விளிம்புகளையும் பார்த்துத்தான் ஃபோகஸைக் கண்டுபிடிக்கின்றன. வெறும் வானம், யாகப் புகை, வெள்ளை வேட்டிக் கூட்டம், தெறிக்கும் தண்ணீர் இவற்றில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் முன்னும் பின்னும் ஓடும். நீங்கள் காத்திருந்த அந்த நொடியில் ஓடினால் அதுவும் போச்சு.

சரி, ஒன்றரை மீட்டரில் நின்றதால் எவ்வளவு கெட்டுப்போகும்? ஃபேன்டம் 4 ப்ரோவின் லென்ஸ் 8.8 மி.மீ., சென்சார் (படம் பதியும் சில்லு) 1 இன்ச் வகை, ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.0024 மி.மீ. விடியற்காலை வெளிச்சத்தில் ஆட்டோவில் எஃப்/2.8 போயிருக்கும். ஃபோகஸ் 1.5 மீட்டரில் இருந்தால், தூரத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் சுமார் 0.018 மி.மீ. வட்டமாக விழும். அதாவது ஏழு பிக்சலுக்கு மேல். கோபுரத்துச் சுதைச் சிற்பத்தின் கண்ணும் மூக்கும் அந்த வட்டத்துக்குள் கரைந்துவிடும். அதே எஃப்/2.8இல் ஃபோகஸை ஐந்தரை, ஆறு மீட்டருக்குத் தள்ளி வைத்திருந்தால், சுமார் மூன்று மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் கூர்மையாக இருந்திருக்கும். ட்ரோனில் ஃபோகஸ் கஷ்டமான வேலையே இல்லை. ஒருமுறை தூரத்தில் வைத்துப் பூட்டினால் போதும். யாரும் நமக்கு அதைச் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான்.

அங்கேயே ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்று உங்களை நீங்களே நொந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த ட்ரோன் கீழே அனுப்பும் நேரடிப் படம் 720பி தான், தெளிவு குறைவு. நீங்கள் பதிவு செய்தது 4கே. மொபைல் திரையில், கூட்டத்தின் சத்தத்துக்கு நடுவே அந்த மங்கலைக் கண்ணால் பிடிக்க யாராலும் முடியாது. எனக்கும் முதல் வருடம் ஒரு தேரோட்டத்தில் இதே நடந்தது. தேர் நிலையைவிட்டுக் கிளம்பும் அந்த முதல் அசைவு முழுவதும் போயிற்று. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் திரையை நம்பாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

எஃப்/11 பற்றி நண்பர் சொன்னது

பாதி சரி. துளையைச் சிறியதாக்கினால் ஃபோகஸ் தவறியது கொஞ்சம் மறையும். பெரிய கேமராவில் அந்த யோசனை வேலை செய்யும். ஆனால் இவ்வளவு சின்ன பிக்சல் உள்ள சென்சாரில் எஃப்/11 போனால் வேறு ஒரு தொல்லை வரும். பள்ளி இயற்பியலில் படித்த விளிம்பு விளைவுதான். சிறு துளை வழியாகப் போகும் ஒளி பரவி, ஒரு புள்ளியை சுமார் 0.015 மி.மீ. வட்டமாக்கிவிடும். ஆறு பிக்சல் அகலம். ஃபோகஸ் சரியாக இருந்தாலும் படம் முழுக்க ஒரே சீராக மந்தமாகிவிடும். அதோடு, காலை ஆறரை மணி வெளிச்சத்தில் எஃப்/11 வைத்தால் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) ஏறி புள்ளி புள்ளியாகத் தெரியும். இந்த ட்ரோனுக்கு எஃப்/4 முதல் எஃப்/5.6 வரைதான் நல்ல இடம். வெளிச்சம் குறைவு என்றால் எஃப்/2.8 போங்கள், பயம் வேண்டாம்.

லென்ஸ் நன்றாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இந்த வாரம் ஒரு நாள் காலையில் ப்ராப்களை, அதாவது சுழலும் இறக்கைகளை, கழற்றிவிட்டு ட்ரோனை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அசையாமல் வையுங்கள். நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள தண்ணீர்த் தொட்டி, செல்போன் டவர், பெரிய எழுத்துள்ள போர்டு இப்படி ஒன்று படத்தில் இருக்கட்டும். அதைத் தொட்டு ஃபோகஸ் செய்து ஒரு போட்டோ எடுங்கள். அப்புறம் மேனுவலுக்கு மாற்றி, ஃபோகஸ் பட்டையைத் தூரத்து முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்தி ஏழெட்டுப் படம் எடுங்கள். மெமரி கார்டைக் கழற்றி கம்ப்யூட்டரில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஏதோ ஒரு படத்திலாவது போர்டு எழுத்து கத்திபோல் இருந்தால் லென்ஸில் குறை இல்லை. இடது பக்கம் கூர்மை, வலது பக்கம் மட்டும் எப்போதும் மங்கல் என்றால், முன்பு வைத்திருந்தவர் எங்காவது மோதி லென்ஸ் சாய்ந்திருக்கலாம். எந்தப் படமும் கூர்மையாக இல்லை என்றால், முதலில் முன் கண்ணாடியை நல்ல துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். விபூதித் தூளும் விரல் ரேகையும் செய்யும் வேலையை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏசி காரிலிருந்து விடியற்காலை ஈரக் காற்றுக்குள் ட்ரோனை எடுத்தால் கண்ணாடியில் ஆவி பிடிக்கும், அதையும் மறக்காதீர்கள். விலைக்குறைவான என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். இத்தனைக்குப் பிறகும் மங்கல் என்றால்தான் சர்வீஸ் கடை.

பட்டையைத் தூரத்து முனை வரை இழுத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் ஆபத்து. பல லென்ஸ்களில் அந்தக் கடைசி முனை, முடிவிலியையும் தாண்டிக் கொஞ்சம் போகும். சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்ப அந்த இடம் சிறிது நகரவும் செய்யும். மாடிச் சோதனையில் எந்த இடத்தில் கூர்மை வருகிறது என்று குறித்து வையுங்கள். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்வதே நல்லது.

மேலே போனதும் செய்ய வேண்டியது

கிளம்பும் இடத்தில் ஃபோகஸைத் தொடவே வேண்டாம். இருபது மீட்டர் ஏறி, ஒரே இடத்தில் நிறுத்துங்கள். தூரத்தில் விளிம்புள்ள ஒன்றைத் தேடுங்கள். கோபுரத்துச் சிற்ப வரிசை அதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். அதைத் தொடுங்கள். பச்சைக் கட்டம் வந்ததும் உடனே மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். இனிமேல் கை தவறித் திரையைத் தொட்டாலும் ஃபோகஸ் நகராது. ஒரு போட்டோ எடுத்து, அதைத் திறந்து விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். செயலியில் பீக்கிங் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் ஃபோகஸில் உள்ள விளிம்புகள் நிறம் மாறித் தெரியும். அதற்குப் பிறகுதான் வீடியோ பட்டன். மொத்தமும் முப்பது நொடி. பேட்டரி மாற்றி மறுபடி ஏற்றும்போதும் இதையே முதலிலிருந்து செய்யுங்கள். பாதிப் பேர் கோட்டைவிடுவது இரண்டாவது பேட்டரியில்தான்.

ஃபோகஸ் சரியாக இருந்தும் மங்கலாக வருவது வேறு. அது அசைவால் வருவது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கரைந்திருந்தால் ஃபோகஸ், ஒரு திசையில் மட்டும் இழுத்த மாதிரி இருந்தால் அசைவு. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும்போது 1/50 நொடி ஷட்டரில் ட்ரோன் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். வீடியோவுக்கு அந்த இழுவை அழகு. 25 ஃப்ரேமுக்கு 1/50 வையுங்கள், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு சீரியல் லைட் மினுங்குவதும் அதில் அடங்கும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/5.6 என்றால் அந்த ஷட்டருக்கு என்.டி.16 தேவைப்படும். போட்டோவுக்கு மட்டும் 1/500க்கு மேல் போங்கள். ப்ராப்பில் நுனி உடைந்திருந்தாலோ, கிம்பலை (கேமராவை ஆடாமல் பிடிக்கும் கருவியை) தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தாலோ படம் ஜெல்லி மாதிரி ஆடும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். "தண்ணீர் ஊற்றுவது தெளிவாகத் தெரியட்டும் என்று கலசத்துக்கு நான்கு மீட்டர் கிட்டே, கூட்டத்துக்கு நேர் மேலே நிறுத்தினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் ட்ரோனின் எடை 1,388 கிராம். ஒரு ப்ராப் உடைந்தால் போதும், அண்ணாந்து கைகூப்பி நிற்கும் ஒருவரின் முகத்தில் விழும். கும்பாபிஷேகத்தில் எல்லோரும் கருடன் வருகிறதா என்று மேலே பார்த்துத்தான் நிற்கிறார்கள், குழந்தைகள் தோளில் இருக்கிறார்கள். பருந்து ட்ரோன்மேல் பாய்வதும் நடக்கிற காரியம்தான். ட்ரோன் கிளப்பும் காற்று புனித நீரையும் சிதறடிக்கும். கோபுரத்தின் ஆளில்லாத பக்கமாக, 12 முதல் 15 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அங்கிருந்து 4கே எடுத்தால் சுமார் 20 மீட்டர் அகலம் படத்தில் வரும். எடிட்டில் பாதியாக வெட்டி ஃபுல் எச்.டி. ஆக்கினால் கலசமும் பட்டரும் மட்டும் சட்டத்தை நிறைப்பார்கள். அவ்வளவு தூரத்தில் நின்றால், ஃபோகஸும் ஒருமுறை வைத்ததோடு கடைசிவரை மாற வேண்டியிருக்காது.

புது ட்ரோன் வாங்கினால் தீருமா?

தீராது, கூடவும் செய்யலாம். மேவிக் 3 போன்றவற்றில் சென்சார் இன்னும் பெரியது. சென்சார் பெரிதாகும்போது ஃபோகஸ் பிசகுவதற்கான இடமும் கூடும். மாறாக மினி 2 போன்ற சிறியவற்றில் ஃபோகஸ் நிலையானது, ஒரு மீட்டருக்கு அப்பால் எல்லாம் தெரியும், தொட ஒன்றுமில்லை. ஆனால் விடியற்காலை வெளிச்சத்தில் உங்கள் 1 இன்ச் சென்சார் தரும் தரம் அதில் வராது. இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியை 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை செய்துவிட்டது. ஆராய்ச்சி, பாதுகாப்புப் பணி போன்றவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. பில் இல்லாமல் வரும் "புது" ட்ரோனுக்கு நகைப் பணத்தைக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

குழுவிடம் எப்படிப் பேசுவது

நான் வழக்கறிஞன் இல்லை. தொழிலில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். குழு கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் காத்திருந்து, வீடு வீடாக வசூல் செய்து நடத்திய காரியம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று இரண்டு வருடத்துக்குள் அவர்கள் புகார் கொடுக்க முடியும். ஆனால் அட்வான்ஸ் முழுவதையும் திருப்பிக் கேட்பது அதிகம். கீழே எடுத்த வேலையை ஒழுங்காகத்தான் கொடுத்திருக்கிறீர்கள். ட்ரோனுக்கு 12,000 என்று தனியாக எழுதிக் கொடுத்தது இப்போது உங்களைக் காப்பாற்றும். அந்த 12,000ஐ நீங்களாகவே விட்டுவிடுங்கள். பாக்கி 8,000 மட்டும் கேளுங்கள். "கேமரா பழுது" என்று சொல்ல வேண்டாம். ஃபோகஸ் வைத்ததில் என் தவறு என்று சொல்லுங்கள். கிராமத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு எந்தத் தள்ளுபடிக்கும் இல்லை.

நீங்கள் வழக்கு என்று போக நினைத்தால் ஒரு ஆபத்து இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளது மைக்ரோ வகை. அதைக் காசு வாங்கிக்கொண்டு இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும், பறக்கும் இடம் பச்சை மண்டலமா (முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய பகுதியா) என்று வரைபடத்தில் பார்த்திருக்க வேண்டும். விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இவற்றைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. விற்றவரிடம் பதிவு எண் இருந்ததா, அது உங்கள் பெயருக்கு மாறியதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், அது சரியாகும்வரை அடுத்த விசேஷத்துக்கு ட்ரோன் என்று ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இருக்கும் வீடியோவையும் தூக்கி எறிய வேண்டாம். 4கே கோப்பை ஃபுல் எச்.டி. அளவுக்குக் குறைத்தால், அந்த மங்கல் வட்டமும் இரண்டரை, மூன்று பிக்சலுக்குச் சுருங்கிவிடும். மிதமாக ஷார்ப்பன் செய்து, கான்ட்ராஸ்ட் கொஞ்சம் கூட்டுங்கள். முழுக்கத் தீராது, பாதிக்குமேல் மறையும். ஏஐ மென்பொருளில் ஏற்றி முகங்களைத் தெளிவாக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அது இல்லாத விவரத்தைக் கற்பனை செய்து ஒட்டும். சிவாச்சாரியாரின் முகம் வேறு யாரோ மாதிரி ஆகிவிட்டால் ஊரே கண்டுபிடித்துவிடும். கருவி செய்யும் அந்த வேலை வேண்டாம்.

குழுவினர் இதுவரை பார்த்தது வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அது படத்தை இன்னும் நசுக்கியிருக்கும். சரிசெய்த வீடியோவை, முந்தின நாள் ஊர்வலக் காட்சியோடு சேர்த்து பென்டிரைவில் போட்டுக்கொண்டு தலைவர் வீட்டுக்கு நேரில் போங்கள். அவர் வீட்டு டிவியில் போட்டு, எல்லோரும் உட்கார்ந்து பார்த்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.